அக்கா போட்ட முடிச்சு

என் கடைப் படியில் ஒரு பெண் ஏறி வரும்போதே அவளுடைய அளவு எனக்குத் தெரிந்துவிடும். டேப்பை எடுப்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். கோட்டாறு சந்தைக்குப் பக்கத்தில் பழைய தையல் மிஷின் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தவள் நான். படிப்பு அஞ்சாம் கிளாஸ். பள்ளிக்கூடம் எனக்கு ஒரு கும்பிடு போட்டது, நானும் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு மார்த்தாண்டத்திலிருந்தும் பணகுடியிலிருந்தும் கல்யாணப் பெண்கள் கார் பிடித்து வருகிறார்கள். மாடியில் வரிசையாக மிஷின் ஓடுகிறது. ஆரி எம்பிராய்டரி வேலைக்குத் தனி அறை, துணி வெட்ட ஒரு மாஸ்டர். எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "வாய்க்கும் அதுல கொஞ்சம் பங்கு குடு" என்பார். கொடுக்கிறேன். வாய் இல்லாதவள் கோட்டாறில் கடை நடத்த முடியாது.

ஆனால் என் கடையில் தைத்ததிலேயே நல்ல ஜாக்கெட் எது என்று கேட்டால், ஆரி வேலை செய்த எதையும் நான் காட்ட மாட்டேன். காப்பிப்பொடி நிறத்தில் ஒரு பருத்தி ஜாக்கெட் இருக்கிறது. துவைத்துத் துவைத்து வெளுத்தது. முன்பக்கம் கொக்கி வைத்தது. அது என் மகளுடையது. அதைத்தான் காட்டுவேன்.

மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே, அதனால் எங்களிடம் வந்தாள். பெண் குழந்தை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற எல்லாவற்றையும் நான் குறை வைக்காமல் செய்தேன். கருப்பட்டியும் சுக்கும் நல்லெண்ணெயும் சேர்த்து இடித்த பேறுகால மருந்தைக் காலையும் மாலையும் உருட்டிக் கொடுத்தேன். இலைகளைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை இடுப்பில் வீசி வீசி ஊற்றிக் குளிப்பாட்டினேன். வீட்டுக்காரரின் பழைய வேட்டியை மடித்து வயிற்றில் கட்டிவிட்டேன். எனக்கும் அப்படித்தான் கட்டினார்கள். கட்டாவிட்டால் வயிறு தொங்கிவிடும் என்று சொன்னார்கள். கட்டியும் எனக்குத் தொங்கத்தான் செய்தது, அது வேறு விஷயம். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை மிஷினும் வாங்கினேன்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கையில் பிஸ்கட்டும் ஆரஞ்சும் இருக்கும். உள்ளே நுழையும்போது, "நல்லாத் தின்னு மக்கா, பால் ஊறணும்லா" என்பார்கள். என் மகள் தின்பாள். அரை மணி நேரம் கழித்து செருப்பை மாட்டும்போது அதே வாய், "என்ன பிள்ளே, வயிறு இன்னும் உள்ள போகல்லியே, இன்னொண்ணு உள்ள கெடக்கா?" என்று கேட்கும். சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள்.

ஆறுதலுக்கு ஃபோனைத் திறந்தால் அது இன்னும் மோசம். எவளோ ஒருத்தி, பிள்ளை பெற்ற கொஞ்ச நாளில், வாழைத்தண்டு மாதிரி வயிற்றைக் காட்டிக்கொண்டு ஆடுகிறாள். "எம்மா, இவளுக்கும் எனக்கும் ஒரே மாசத்துலதான் பிள்ள பொறந்துது" என்று காட்டினாள். நான், "அவளுக்கு ஆடுறதுதான் சோலி, உனக்குப் பிள்ள வளக்க சோலி" என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அது ஒட்டவில்லை.

அந்த நேரத்தில்தான் என் மகனுக்குக் கல்யாணம் முடிவானது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தான், லீவு முடிவதற்குள் நடத்த வேண்டும். குழந்தைக்கு நாலு மாசம் நடக்கும்போது முகூர்த்தம், சுசீந்திரத்தில் மண்டபம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை தாலிக்கு முதல் முடிச்சு மட்டும்தான் போடுவான். மிச்ச இரண்டு முடிச்சும் அவனுடைய உடன்பிறந்தாள் பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். என் மகனுக்கு இருப்பது ஒரே அக்கா. நான் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த வருஷங்களில் அவனுக்கு நிக்கர் நாடா கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது அவள்தான். அவள் கட்டின நாடா சாயங்காலம் வரை அவிழாது. சில நாள் அவசரத்துக்கும் அவிழாமல் அவன் அழுதுகொண்டு வந்திருக்கிறான். அதனால் தாலி முடிச்சுக்கு யார் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசவே இல்லை. பேச என்ன இருக்கிறது?

கல்யாணத்துக்கு முன்னால் வட்டக்கோட்டையில் குடும்பத்தோடு ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்றான் மகன். இப்போதெல்லாம் அப்படித்தான். கோட்டைச் சுவரில் நிற்க வைத்தார்கள், கடல் காற்று சேலையைத் தூக்கியது. ஃபோட்டோக்காரப் பையன், "அக்கா, நீங்க கொஞ்சம் அம்மாவுக்குப் பின்னால நில்லுங்க, ஃப்ரேம் அடைச்சிருது" என்றான். அவள் பின்னால் போய் நின்றாள். மறுநாள் அந்தப் படத்தை மகன் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில் போட்டான். முதலில் வந்த பதில் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி எழுதியது. "மாப்பிள்ளைக்கு ரெண்டு அம்மையா?" என்று எழுதி, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற பொம்மை முகங்களை வரிசையாகப் போட்டிருந்தாள். அவளைத் தொடர்ந்து பத்துப் பேர் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து என் மகள் சோறு தின்பதை விட்டாள். எலுமிச்சம்பழம் பிழிந்த சுடுவெள்ளம், ஒரு வெள்ளரிக்காய், மத்தியானம் ஒரு சப்பாத்தி. வயிற்றை இறுக்குகிற பெல்ட் ஒன்று கூரியரில் வந்தது. நான் கட்டின வேட்டித்துணி அவிழ்ந்து கொடிக்குப் போனது.

அதோடு கடைக்கு வந்து, நான் இல்லாத நேரம் பார்த்து, கல்யாண ஜாக்கெட்டுக்கு மாஸ்டரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுப்பது எல்லாரும் செய்கிறதுதான். இவள் கொடுத்தது அவளுடைய சொந்தக் கல்யாணத்துக்கு நான் தைத்துக் கொடுத்தது. பின்பக்கம் ஜிப், முதுகு முழுக்க வேலைப்பாடு, கை முழங்கைக்கு மேலே பிடிப்பாக. இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். எங்கள் கடையில் எந்த ஜாக்கெட்டுக்கும் பக்கவாட்டில் உள்ளே இரண்டு விரல் துணி விடுவோம். உடம்பு போட்டால் பிரித்து விடலாம். அந்தத் துணியும் வேண்டாம், தடிப்பாகத் தெரியும் என்று சொல்லிவிட்டாள். முதலாளியம்மா மகள் சொன்னால் மாஸ்டர் கேட்க மாட்டாரா?

சாயங்காலம் அடுக்களையில் அவளைப் பிடித்தேன்.

"ஏட்டி, ஜாக்கெட்ட உடம்புக்குத் தைக்கணுமா, உடம்ப ஜாக்கெட்டுக்குத் தைக்கணுமா?"

"கல்யாணத்துக்குள்ள குறைஞ்சிருவேன்மா."

"குறையல்லேன்னா?"

"குறையல்லேன்னா நான் மணவறையில ஏற மாட்டேன். சித்தி மக நிக்கட்டு. அவதான் ஒல்லியா இருக்கா."

"தாலிக்கு முடிச்சு போட ஒல்லியா இருக்கணும்னு எந்தச் சாமி சொல்லிச்சு?"

"எம்மா, உனக்குப் புரியல்ல. முடிச்சு போடும்போது கேமரா என் பின்னாலதான் வரும். மண்டபத்துல அந்தப் பெரிய ஸ்கிரீன் வச்சிருப்பான். என் முதுகும் கையும் ஆள் உயரத்துக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷம் நான் நானாத் தெரியணும். வேற ஒண்ணும் கேக்கல்ல."

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் வைத்திருக்கிற நான், அடுப்பில் இருந்த குழம்பைக் கிண்டப் போனேன்.

மகன் தன் பங்குக்கு வந்து, "அக்கா, நீ போடலேன்னா அந்த முடிச்சு மஸ்கட் போறதுக்குள்ள அவுந்திரும், பாத்துக்க" என்றான். "வாய அலம்புல" என்று நான் கரண்டியை ஓங்கினேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

நடுவில் குழந்தைக்கு ஊசி போடப் போன இடத்தில் நர்ஸ் அதன் எடையைப் பார்த்துவிட்டு, "ஏறல்லியே, நீங்க சாப்பிடுகீங்களா?" என்று கேட்டாள். என் மகள் குழந்தையை வாங்கித் துணியில் சுற்றினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும் தானே போட்டுத் தின்றாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே தின்றாள். சோற்றுக்குத் திரும்பிவிட்டாளே தவிர பெல்ட்டை விடவில்லை. பகலெல்லாம் அதைக் கட்டிக்கொண்டு, மூச்சை மேலே பிடித்துக்கொண்டு நடந்தாள். அளவு ஜாக்கெட்டையும் மாற்றவில்லை.

சரி, தைக்கத்தான் வேண்டும் என்றால் நான் தைக்காமல் வேறு எவள் தைப்பாள்? மாஸ்டர் வெட்டினார், முதுகில் ஒரு மயிலை நானே உட்கார்ந்து ஆரி ஊசியால் போட்டேன். மயில் என்றால் அப்படி ஒரு மயில். தோகை தோள் வரைக்கும் விரியும். கடைக்கு வந்த பெண்கள் அதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் உடம்பு அதற்குள் போகுமா என்று மட்டும்தான் எனக்குக் கவலை. ஜிப் பின்னால் இருக்கிறதே, பால் கொடுக்கிறவள் என்ன செய்வாள் என்று எனக்கும் தோன்றவில்லை, மாஸ்டருக்கும் தோன்றவில்லை, படித்த அவளுக்கும் தோன்றவில்லை. கண்ணெல்லாம் வயிற்றிலேயே இருந்தால் வேறெதுவும் தெரியாதுதான்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்து அறையில் அவளும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஜிப்பை ஏற்றினோம். ஏறிவிட்டது. மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை. பொய் சொல்ல மாட்டேன், சிலை மாதிரி இருந்தாள். உட்கார முடியவில்லை, குனிய முடியவில்லை, ஆனால் சிலை மாதிரி இருந்தாள். "போதுமா பிள்ளே?" என்றேன். "மூச்சு விடாம இருந்தா போதும்" என்றாள்.

குழந்தையை அவளுடைய மாமியார் வைத்திருந்தார். நல்ல மனுஷி. பால் எடுத்துப் பாட்டிலில் வைத்திருந்தார்கள். வீட்டில் பாட்டிலில் குடித்த குழந்தைதான், மண்டபத்துச் சத்தத்தில் ரப்பரை வாயில் வைத்ததும் துப்பியது. மறுபடி வைத்தார்கள், மறுபடி துப்பியது. தவில் சத்தத்துக்கு மேலே அதன் சத்தம் வந்தது. மாமியார் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே அறைக்குள் வந்தார். "மக்கா, இவளுக்கு நீதான் வேணும் போலிருக்கு" என்றார்.

மணவறையில் அக்கினி வளர்த்தாகிவிட்டது. பெண்ணைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார்கள்.

மகள் குழந்தையை வாங்கினாள். ஒரு கையால் முதுகில் ஜிப்பைத் தேடினாள். நான் போய் இழுத்தேன். கொஞ்சம் இறங்கி லைனிங் துணியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உள்ளே இரண்டு விரல் துணி விட்டிருந்தால் நொடியில் பக்கத்தைப் பிரித்திருப்பேன். விடத்தான் இல்லையே. குழந்தை முகம் சிவந்து, மூக்கால் அவள் நெஞ்சில் முட்டிக்கொண்டு கிடந்தது. பட்டில் இரண்டு இடத்தில் ஈரம் படர்ந்தது.

"எம்மா, உன் பையில கத்திரி இருக்கா?"

என் பையில் கத்திரி இல்லாமல் நான் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நின்றேன். கண்ணுக்கு முன்னால் மயில் இருந்தது.

"மயில விட்டுட்டு ஓரமா வெட்டட்டா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "எம்மா, மயிலுக்கா பசிக்கு?"

வெட்டினேன். கழுத்திலிருந்து கீழே வரைக்கும் ஒரே வெட்டு. மயில் இரண்டாகப் போனது. அடியில் பெல்ட். அதை அவளே பிடித்து இழுத்தாள், சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அவள் ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள், அந்த அறையில் இருந்த எங்கள் எல்லாருக்கும் சேர்த்து விட்ட மாதிரி இருந்தது.

காலையில் வீட்டிலிருந்து போட்டு வந்த காப்பிப்பொடி நிற ஜாக்கெட் நாற்காலியில் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை நெஞ்சோடு சேர்த்தாள். அழுகை பட்டென்று நின்றது. வெளியே தவில் மட்டும் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி வந்தாள். "அக்கா, நேரமாச்சு, பொண்ணு மணவறைக்கு வந்தாச்சு, இவ எங்க..." என்றவள் தரையில் இருந்தவளைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "ஐயோ, இது என்ன கோலம் பிள்ளே? பட்டுச் சேலைக்கு அடுக்களை ஜம்பரா? சரி, நீ இரு, எம் மவ ரெடியா நிக்கா, அவ ஏறட்டு."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"இரி சித்தி. இவ குடிச்சு முடிக்கட்டு. நான் வாறேன்."

"முகூர்த்தம் நிக்குமா உனக்கு?"

"எந்தம்பி நிப்பான்."

"ஊரு பூரா பாக்குமே மக்கா, அந்தப் பெரிய ஸ்கிரீன்ல."

"பாக்கட்டு. பாக்கத்தானே எல்லாரும் வந்திருக்கு."

எத்தனையோ பெண்களை நான் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அழகாக ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. என் மகள் என்பதற்காகவும்தான் சொல்கிறேன்.

குழந்தை வாயை எடுத்ததும் எழுந்தாள். கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடுவாள் என்று நினைத்தேன், கையில் ஊக்கைக்கூட எடுத்துவிட்டேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டு, ஏப்பத்துக்கு முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தாள். நானும் சித்திக்காரியும் பின்னால் ஓடினோம்.

மணவறையில் மகன் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தான். மந்திரம் சொல்ல வந்த போற்றி, "தம்பி, நேரம் தாண்டப் போகு, வேற யாராவது நிக்கட்டுமே" என்றார். "அக்கா வரட்டு சாமி" என்றான். அவரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இவள் படியேறியதும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஜாக்கெட்டின் நிறத்தை அவன் கவனிக்கவே இல்லை. ஆண்பிள்ளைகளுக்கு அப்படிச் சில நல்ல குணங்கள் உண்டு.

முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும். மகள் திரும்பி, பக்கத்தில் நின்ற சித்தியிடம் குழந்தையை நீட்டினாள். "பிடி சித்தி. தலைய தாங்கிப் பிடி." சித்தி வாங்கிக்கொண்டாள், வேறு என்ன செய்வாள்?

கெட்டிமேளம் முழங்கியது. மகன் முதல் முடிச்சைப் போட்டான். அவன் கையிலிருந்து கயிற்றின் நுனிகளை என் மகள் வாங்கினாள். நான் மணவறையைப் பார்க்கவில்லை, பெரிய திரையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. வெளுத்த ஜாக்கெட், அகன்ற முதுகு, தடித்த கை. தோள் தையல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது கூட எனக்குத் தெரிந்தது. தொழில்காரி கண்ணை மூடிக்கொள்ள முடியாதே. மண்டபத்தில் பெண்கள் வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எனக்குப் பின்னால் ஒரு குரல், "பால் குடுக்கிய பிள்ளையாக்கும், அதான் ஓடி வந்திருக்கா" என்றது. இன்னொரு குரல், "கொள்ளாம்" என்றது. எங்கள் ஊரில் நன்றாயிருக்கிறது என்று ஒரு 'கொள்ளாம்' வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

இரண்டு முடிச்சையும் நிதானமாகப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை சித்தியின் பட்டுச் சேலையில் கொஞ்சம் பாலைக் கக்கியது. பிள்ளைகள் தெய்வம் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

இறங்கி வந்தபின், "பயந்தியா மக்கா?" என்று கேட்டேன். "காலு ரெண்டும் ஆடிச்சு. சேல மறைச்சிட்டு" என்றாள். இப்போதும் அவள் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை. ஆனால் அந்த பெல்ட் மண்டபத்து அறையிலேயே கிடந்து போனது, திரும்ப எடுக்கப் போகவில்லை.

கடையில் நானும் ஒரு சட்டம் போட்டேன். பிள்ளை பெற்ற பெண் வந்தால் பழைய அளவு ஜாக்கெட் வாங்கக் கூடாது. "பால் குடுக்கியா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மாஸ்டருக்கு அதைக் கேட்க வெட்கம். அதனால் நானே கேட்கிறேன்.

கல்யாணம் முடிந்து ஆல்பம் போடுகிற நேரத்தில் அந்த ஃபோட்டோக்காரப் பையன் மகளுக்கு ஃபோன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அக்கா, முடிச்சு போடுற படத்துல ப்ளவுஸ் கலர் சேரல்ல. கம்ப்யூட்டர்ல நீலமா மாத்திரலாம். அப்படியே உங்க கையையும் இடுப்பையும் கொஞ்சம் ஒல்லியாக்கித் தாறேன். யாருக்கும் தெரியாது."

மடியில் குழந்தை அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. என் கையில் கீரை அப்படியே நின்றது.

"வேண்டாம் தம்பி, எல்லாம் அப்படியே இருக்கட்டு" என்றாள். "அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டு. முடிச்சு நல்லாத் தெரியணும்."

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கடையில் துணி வெட்டுகிற மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். முடிச்சு தெளிவாகத் தெரிகிறது. ஊசி விட்டு நெம்பினாலும் அவிழ்க்க முடியாத முடிச்சு. நூலை அப்படி முடிகிற கை எங்கள் வீட்டில் என்னுடையது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை, இரண்டு.